மெருகுக்கு முன் வால்வு

வடமதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ ட்ரம்பெட் வாங்கப் போகும் பேண்டு கலைஞரின் கண்ணை முதலில் இழுப்பது பித்தளையின் பளபளப்பு. பார்க்க வேண்டியதோ மூன்று வால்வுகளை. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் குழாயைச் சுருட்டிச் செய்த வாத்தியம் இது. உதட்டின் அதிர்வு மட்டும் தரும் சுரங்கள் சொற்பம். விடுபட்டவற்றை, வால்வை அழுத்திக் குழாயின் நீளத்தைக் கூட்டித்தான் பெறுகிறோம். வால்வுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனின் ஓரமாகக் காற்று கசிந்தால் எந்த மெருகும் உதவாது. இரண்டாம் வால்வை அழுத்தாமல் அதன் சிறுகுழாயை உருவிப் பாருங்கள். இறுக்கமான கருவி ‘டப்’ என்று பதில் சொல்லும். என்ன அழகான சத்தம் அது!

கல்யாண ஊர்வலத்தில் தோற்றமும் முக்கியம், மீரட்டில் செய்த புதுக் கருவி மலிவாகவும் கிடைக்கிறது என்பார்கள். நியாயம்தான். மீரட்டின் ஜலி கோட்டி வட்டாரப் பட்டறைகள் இல்லாமல் நம் பேண்டு செட்டுகள் இல்லை. ஆனால் கைவேலையில் ஒன்றுபோல் இன்னொன்று அமைவதில்லை. அதனாலேயே ஒரே விலையில் நாலைந்தைக் கேட்டு வாங்கி ஊதிப் பார்க்க வேண்டும். வெயிலில் நடந்துகொண்டே மணிக்கணக்கில் வாசிப்பவரின் மூச்சைக் கசியும் கருவி தின்றுவிடும். மங்கிய மெருகை மறுபடி ஏற்றலாம்; தேய்ந்த பிஸ்டனைச் சரிசெய்யத் தேர்ந்த கைகளும் கூடுதல் பணமும் வேண்டும்.