திருத்துகிற நேரத்துக்குச் சம்பளம் இல்லை

அமெரிக்கக் கல்லூரியில் எந்தத் துறையில் சேர்ந்தாலும் ஒரு வகுப்பிலிருந்து தப்புவது கடினம்: முதலாண்டில் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்கும் 'காம்போசிஷன்'. ஹார்வர்ட் 1885-இல் 'இங்கிலிஷ் ஏ' என்ற பெயரில் இதை முதலாண்டு மாணவர்களுக்குக் கட்டாயமாக்கியது. மற்ற கல்லூரிகளும் அதே வழியில் போயின. கட்டாயப் பாடம் என்பதால் மாணவர் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. குவியும் தாள்களைத் திருத்தத்தான் இலக்கியப் பேராசிரியர்களுக்கு மனமில்லை. அந்த வேலை ஆராய்ச்சி மாணவர்களிடமும் 'அட்ஜங்க்ட்' எனப்படும் பகுதிநேர ஆசிரியர்களிடமும் வந்து சேர்ந்தது. நம்மூர்க் கௌரவ விரிவுரையாளர்களைப் போல அட்ஜங்க்டுகளுக்கும் அடுத்த பருவத்தில் வேலை இருக்கும் என்ற உறுதி கிடையாது. சேர்க்கை குறைந்தால் வகுப்பு தொடங்கவிருக்கும் வாரத்தில்கூடக் கைவிரித்துவிடுவார்கள்.

இதே வகுப்பு இன்று பெருமளவில் இணையத்துக்கு வந்துவிட்டது. திரை வழியாக எழுத்தைக் கற்பிக்க முடியுமா என்று கேட்டால், தாராளமாக முடியும் என்பேன். சில விதங்களில் அறை வகுப்பைவிட நன்றாகவே முடியும். அவரவர் வசதிப்பட்ட நேரத்தில் படிக்கும் இணைய வகுப்பில் மாணவர் வாயைத் திறப்பதென்றால் எழுதியாக வேண்டும். சந்தேகம், மறுப்பு, நண்பருடைய வரைவைப் பற்றிய கருத்து எல்லாமே எழுத்து. 'சமூக ஊடகம் இளைஞர்களைக் கெடுக்கிறது' என்று ஒரு மாணவர் எழுதினால், ஆசிரியர் அந்த வரியின் ஓரத்தில் 'எந்த இளைஞர்களை? உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்கலாம். மாணவர் யோசித்துவிட்டு மறுநாள் பதில் எழுதலாம். கேள்வி அங்கேயே இருக்கும். அறை வகுப்பில் அதே கேள்வி காற்றோடு போகும், இல்லையென்றால் முன்வரிசைக்காரர் ஒருவர் பதில் சொல்லி முடித்துவிடுவார். இணைய வகுப்பில் மாணவர்கள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள் என்பதுதான் இணையத்தில் எழுத்துக் கற்பிப்பது பற்றி ஸ்காட் வார்னாக் 2009-இல் வெளியிட்ட நூலில் முன்வைத்த வாதத்தின் சாரமும். அதை மறுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

குறையும் உண்டு, சிறியதும் அல்ல. வாஷிங்டன் மாநிலத்தின் இரண்டாண்டுக் கல்லூரிகளில் படித்த 40,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் பதிவுகளைக் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். இணைய வகுப்பில் மதிப்பெண்ணும் குறைகிறது, பாதியில் நிற்பதும் கூடுகிறது. ஆண்கள், கறுப்பின மாணவர்கள், ஏற்கெனவே மதிப்பெண் குறைந்தவர்கள் ஆகியோருக்கு அடி பலமாக விழுகிறது. பாடவாரியாகப் பார்த்தால் ஆங்கிலத்தில் சரிவு அதிகம். ஏற்கெனவே நன்றாகப் படிக்கிறவர் எங்கேயும் படித்துக்கொள்வார். ஒரு கை பிடித்துவிட வேண்டியவர்தான் சத்தமில்லாமல் காணாமல் போகிறார். இரண்டு வாரமாக யார் உள்ளே வரவில்லை என்று பார்த்து, அவருக்குத் தனியாக நாலு வரி மின்னஞ்சல் எழுதுகிற ஆசிரியர் இருந்தால் ஓரளவு தடுக்கலாம்.

அந்த நாலு வரிக்கு நேரம் எங்கே இருக்கிறது? இங்கேதான் சம்பளக் கணக்கைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின்படி, வாரம் 30 மணி நேரம் வேலை செய்கிறவர் முழுநேர ஊழியர். பெரிய நிறுவனங்கள் அவருக்குக் காப்பீடு தர வேண்டும். அட்ஜங்க்டின் மணி நேரத்தை எப்படி எண்ணுவது என்ற குழப்பத்துக்கு வருமானவரித் துறை 2014-இல் ஒரு வழி சொன்னது: ஒரு மணி நேர வகுப்பை 2.25 மணி நேர வேலையாகக் கொள்ளலாம். அதன்படி வாரம் மூன்று மணி நேர வகுப்பு ஒன்று 6.75 மணி நேர வேலை. நான்கு வகுப்பு எடுத்தால் 27 மணி நேரம். ஐந்தாவதைக் கொடுத்தால் முப்பதைத் தாண்டிவிடும். பிறகு காப்பீடு தர வேண்டும். பல கல்லூரிகள் அந்த வரம்புக்குக் கீழேயே ஆளை நிறுத்திக்கொண்டதில் வியப்பில்லை.

6.75 மணி நேரத்தில் எழுத்து வகுப்பு நடக்குமா என்று போட்டுப் பார்ப்போம். 15 வாரப் பருவத்துக்குச் சுமார் 101 மணி நேரம். வகுப்பில் 25 பேர், நான்கு கட்டுரைகள்; ஒவ்வொன்றையும் முதல் வரைவு, திருத்திய வரைவு என இரண்டு முறை ஆசிரியர் வாசிக்கிறார். ஒரு வாசிப்புக்கு 20 நிமிடம் என்று வைத்தால் (அதற்குக் குறைந்தால் அது வாசிப்பில்லை, முத்திரை குத்துவது) திருத்துவதற்கு மட்டும் 66 மணி நேரத்துக்கு மேல் போய்விடும். மிச்சத்தை வாரங்களுக்குப் பிரித்தால் வாரம் இரண்டே கால் மணி நேரம். பாடம் தயாரிப்பது, கலந்துரையாடலுக்குப் பதில் எழுதுவது, நள்ளிரவில் வரும் 'கோப்பு ஏறவில்லை மேடம்' மின்னஞ்சல், காணாமல் போனவரைத் தேடுவது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அடங்காது. ஆசிரியர் தன் சொந்த நேரத்தைப் போடுவார், அல்லது ஓரக் குறிப்பைச் சுருக்குவார். 2010-இல் எடுத்த ஒரு பெரிய கணக்கெடுப்பில் இப்படி ஒரு வகுப்புக்கான சம்பளத்தின் இடைநிலை அளவு 2,700 டாலர்தான். நான்கு வகுப்பு எடுத்தாலும் பருவத்துக்கு 10,800.

அறை வகுப்பிலும் இதே அநியாயம்தானே என்று கேட்கலாம். ஆம். ஆனால் அறையில் ஆசிரியர் ஒரு விஷயத்தை 25 பேருக்கும் ஒரே தடவை வாயால் சொல்லிவிட முடியும். இணையத்தில் அதையே ஆளுக்கு ஆள் எழுத வேண்டியிருக்கிறது. இந்த முறையின் பலம் எங்கே இருக்கிறதோ, அங்கேதான் ஆசிரியரின் சம்பளமில்லாத உழைப்பும் இருக்கிறது. கல்லூரி எழுத்து ஆசிரியர்களின் தேசிய அமைப்பு 2013-இல் வெளியிட்ட நெறிமுறைகளில் இணைய எழுத்து வகுப்புக்கு 20 பேருக்கு மேல் வேண்டாம், 15 பேர் என்றால் இன்னும் நல்லது என்றது. 15 பேர் என்றால் மேற்சொன்ன 66 மணி நேரம் 40 ஆகிவிடும். கருணையால் கேட்ட எண் இல்லை அது, வேலை நடக்கக் கேட்டது. பின்பற்றியாக வேண்டும் என்ற கட்டாயம் கல்லூரிகளுக்கு இல்லை. பகுதிநேர ஆசிரியர்களின் நிலை பற்றி 1986-இல் வயோமிங்கில் நடந்த ஆங்கில ஆசிரியர்கள் மாநாட்டில் போட்ட தீர்மானத்துக்கும் இதே கதிதான் நேர்ந்தது.

இன்னொரு பழக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல இடங்களில் பாடம் முழுவதையும் வேறொருவர் வடிவமைத்து 'கேன்வாஸ்' போன்ற மென்பொருளில் ஏற்றிவிடுகிறார்கள். அட்ஜங்க்ட் வந்து மதிப்பெண் போட்டால் போதும். கடைசி நேரத்தில் வகுப்பு கைக்கு வருகிறவருக்கு இது உதவிதான். ஆனால் ஒரு வாசகம் மாணவர்களுக்குப் புரியவில்லை என்று தெரிந்தும் அதை மாற்ற உரிமை இல்லையென்றால், அவரை ஆசிரியர் என்று அழைப்பதில் அர்த்தமில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் இணைய வகுப்பையே கேட்டு வாங்குகிற அட்ஜங்க்டுகள் நிறையப் பேர். ஒரே நாளில் மூன்று கல்லூரிகளுக்குக் கார் ஓட்டுகிறவர்களுக்குக் கலிஃபோர்னியாவில் 'ஃப்ரீவே ஃப்ளையர்' என்று பட்டப்பெயரே உண்டு. இணையம் என்றால் பெட்ரோல் மிச்சம், குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம். அவர்களுடைய விருப்பத்தைக் காட்டி எல்லாம் சரியாக இருக்கிறது என்று நிர்வாகம் வாதிடுவதுதான் பொருந்தவில்லை. சாலையில் போன நேரம் மிச்சமானதால் திருத்தும் நேரத்துக்குக் கூலி வந்துவிடவில்லையே. நியூயார்க்கில் 'நியூ ஸ்கூல்' பல்கலைக்கழகத்தின் பகுதிநேர ஆசிரியர்கள் 2022-இல் மூன்று வாரத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தபோது, வகுப்புக்கு வெளியே செய்யும் வேலைக்கும் சம்பளம் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று.

அந்த வேலையை அரசாங்கத்துக்கு எண்ணத் தெரியாமல் இல்லை. பொதுச்சேவை ஊழியர்களின் கல்விக்கடன் தள்ளுபடிக்கு 2023-இல் வந்த விதியில், அட்ஜங்க்டின் ஒரு மணி நேர வகுப்பு 3.35 மணி நேர வேலை. காப்பீட்டுக்கு 2.25, கடனுக்கு 3.35. முதலாளி பணம் போட வேண்டிய இடத்தில் மட்டும் எண் குறைந்திருப்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோர் கட்டணம், தரவரிசை, வளாகம் எல்லாம் விசாரிக்கிறார்கள். பிள்ளை முதலாண்டு எழுத்து வகுப்பை இணையத்தில் படிக்கப் போகிறார் என்றால் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒரு வகுப்பில் எத்தனை பேர்? கட்டுரையை வாசிக்கிற நேரத்துக்கு ஆசிரியருக்குச் சம்பளம் உண்டா?