எரிக் லிடெலின் முகம்

‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ என்னும் ஆங்கிலத் திரைப்படம் 1981இல் வெளிவந்து, சிறந்த படத்துக்குரியது உட்பட நான்கு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. படத்தைப் பார்த்திராத திருப்பணியாளரும் அதன் கதையை அறிவர். 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தின் முதற்சுற்று ஞாயிற்றுக்கிழமையில் அமைந்தமையால் ஓட மறுத்த ஸ்காட்லாந்து வீரர் எரிக் லிடெல், அதே வாரத்தில் 400 மீட்டரை 47.6 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். பின்னர் சீனாவில் அருட்பணியாற்றி, 1945இல் ஜப்பானியரின் தடுப்பு முகாமில் மரித்தார். மனச்சாட்சியைக் குறித்து அருளுரையாற்ற எழும் இறையியல் மாணவர் பலர்க்கு முதலில் கைகொடுப்பது இவ்வரலாறே.

ஆயினும் படத்தை ஊன்றி நோக்குவார்க்கு ஒரு குறை புலப்படும். மனச்சாட்சிக்குக் கொடுக்க வேண்டிய விலையை அது மலிவாக்கிவிடுகிறது. வேல்ஸ் இளவரசரும் பிரபுக்களும் சூழ்ந்திருந்து லிடெலை நெருக்கும் காட்சி உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்காட்சி முடிவதற்குள் வேறொரு வீரர் உள்ளே வந்து 400 மீட்டர் ஓட்டத்தில் தம் இடத்தை விட்டுக்கொடுக்க, முடிச்சு எளிதாக அவிழ்ந்துவிடுகிறது. இது கற்பனை. உண்மையில் லிடெல் ஓட்ட அட்டவணையைப் பல மாதங்களுக்கு முன்பே அறிந்து, 400 மீட்டருக்கென உழைத்துப் பயின்றார். மாற்று ஓட்டமும் தங்கமும் ஆயத்தமாயிருக்கும் இடத்தில் மறுப்பது எவர்க்கும் கூடும். நம் அருளுரைகளும் இந்த மலிவான வழியையே பின்பற்றுகின்றன. கடலூரில் இன்று ஞாயிறன்று ஓட மறுக்கும் பிள்ளையை எவரும் வீட்டைவிட்டுத் துரத்தப்போவதில்லை. துரத்தத்தக்க உண்மைகள் வேறு உள்ளன.

படத்தில் நம் உள்ளத்தைத் தொடுவது பிறிதொரு காட்சி. ஓட்டம் முடிந்தபின் மழையில் நிற்கும் தொழிலாளரிடம் லிடெல் பேசுகிறார். விசுவாசத்தை ஓட்டத்துக்கு ஒப்பிட்டு, முடிவுவரை ஓடும் வலிமை உள்ளிருந்தே வருகிறது என்கிறார். திரைக்கதையில் முதலில் இருந்த உரை போலிப் பக்தியாய் ஒலிப்பதாகக் கருதிய நடிகர் இயன் சார்ல்சன், அப்பாத்திரத்துக்கெனத் திருமறையை ஆழ்ந்து படித்தவராதலின், அவ்வுரையைத் தாமே எழுதினார். சார்ல்சன் தன்பால் ஈர்ப்புடையவர். 1990 ஜனவரியில், தம் 40ஆம் வயதில், எய்ட்ஸ் நோயால் இறந்தார். அதுவே காரணமென்று தம் மறைவுக்குப்பின் அறிவிக்கப்பட வேண்டும் என்பது அவருடைய வேண்டுகோள். மனச்சாட்சியின் முகமென்று நாம் திரையிட்டுக் காட்டுவது இம்மனிதரின் முகம். அதிலிருந்து நாம் எடுத்தாளும் உரையும் இவருடையதே.

சார்ல்சன் தம் இறப்புக்கு விட்டுவைத்ததை, நம் நாட்டில் ஓர் ஓட்டக்காரர் உயிரோடிருக்கையிலேயே சொன்னார். ஒடிசாவில் ஜாஜ்பூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் டூட்டி சந்த். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100, 200 மீட்டர் இரண்டிலும் வெள்ளி வென்றவர். 2019 மே மாதத்தில், தம் ஊர்ப் பெண் ஒருவரைத் தாம் நேசிப்பதாக நாளிதழ் வழியே அறிவித்தார். இசைந்து வாழும் வயதுவந்தோரின் தன்பால் உறவு குற்றமன்று என 2018 செப்டம்பர் 6இல் உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவைக் குறித்து அளித்த தீர்ப்பு அவருக்குத் துணிவு தந்தது. வீட்டார் எதிர்த்தனர். வீட்டுக்குள்ளிருந்தே தம்மை மிரட்டிப் பணம் கேட்டதாகவும், அதனாலேயே பேச நேர்ந்ததாகவும் அவர் கூறினார். ஒருவரின் இரகசியம் பிறர் கையில் பணமாகிவிட்ட நிலை அது. ஊரறியச் சொன்ன அன்றே அது செல்லாக்காசாயிற்று. தம் துணையின் பெயரை மட்டும் அவர் சொல்லவில்லை. தம்முடையதைச் சொல்லவே தமக்கு உரிமையுண்டு என்று அறிந்த அந்நயம், பிறருடைய பாவ அறிக்கையைக் கேட்டிருக்கும் நம்மில் பலர்க்கு வாய்க்காத ஒன்று.

இங்கு ஒரு மறுப்பு எழும். லிடெல் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தார். டூட்டியோ தம் விருப்பத்தைச் சொன்னார். இருவரையும் ஒரே தட்டில் வைத்தல் தகுமோ? தகும் என்பதே நம் கருத்து. ரோமர் முதலாம் அதிகாரத்தையும், முதலாம் கொரிந்தியர் ஆறாம் அதிகாரத்தில் பவுல் வழங்கும் இரு கிரேக்கச் சொற்களையும் குறித்து அறிஞரிடையே நடக்கும் வழக்கு இக்கட்டுரையில் தீரப்போவதில்லை. அவ்வழக்கில் எப்பக்கம் நிற்பவரும் பொய்ச்சாட்சியைத் தடுக்கும் கட்டளையை (லுத்தரன் ஞானோபதேசத்தில் எட்டாவது, வேறு பல சபையார்க்கு ஒன்பதாவது) ஏற்பவரே. உன்னைக் குறித்து நீயே பொய்ச்சாட்சி சொல்லிக்கொண்டு ஆலயத்துக்கு வா என்று ஒருவரைக் கேட்க எச்சபைக்கும் உரிமையில்லை. ஆனால் நாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம், வாய்திறவாமலே.

மறைவானதை எவர் வெளிப்படுத்துகிறார் என்பது சிறிய வேறுபாடன்று. 1981இல் டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங்கின் வாழ்வை ஊருக்கு அறிவித்தது அவர்மீது தொடுக்கப்பட்ட ஒரு வழக்கு. விளம்பர வருவாயை அவர் இழந்தார். நம் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜனின் செய்தி தன்பால் ஈர்ப்பைப் பற்றியதன்று. ஆயினும் 2006இல் தோகாவில் 800 மீட்டரில் அவர் வென்ற வெள்ளி பாலினச் சோதனையால் பறிபோனபோது, அவருடைய உடலைப் பற்றி அவரைக் கேளாமலே உலகம் பேசிற்று. டூட்டியும் 2014இல் உடலின் இயல்பான ஹார்மோன் அளவு காரணமாக விலக்கப்பட்டு, விளையாட்டுக்கான நடுவர் மன்றத்தில் வழக்காடி, 2015இல் அவ்விதியை நிறுத்திவைக்கச் செய்தவர். தம் உடலைப் பற்றிப் பிறர் பேசக் கேட்டவர், தம் அன்பைப் பற்றித் தாமே முந்திக்கொண்டு பேசினார். இதற்காக அவரைப் புனிதராக்க வேண்டுவதில்லை. 2023இல் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி நான்காண்டுத் தடை பெற்றார். அது வேறு கணக்கு. புனிதரை உருவாக்கும் வேலையைத் திரைப்படத்துக்கே விட்டுவிடலாம்.

தாமே சொல்லியும் தாங்குவாரின்றிப் போனவரும் உண்டு. மறுபிறப்படைந்த கிறிஸ்தவரென்று தம்மை அறிவித்திருந்த இங்கிலாந்துக் கால்பந்து வீரர் ஜஸ்டின் ஃபஷானு 1990இல் இதைச் சொன்னார். உடன்பிறந்தவரே அவரை வெளிப்படையாகத் தள்ளினார். 1998இல், தம்மீது ஒரு குற்றச்சாட்டு எழுந்திருந்த நாள்களில், லண்டனில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் இளைஞர் வெள்ளுடையோடும் வெறுங்காலோடும் அலைநுரையை மிதித்து ஓடுகின்றனர். தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரையை விடியலில் கண்டவர்க்கு அது அந்நியக் காட்சியன்று. நம் சபைகளின் பிள்ளைகளும் மணலில் ஓடுபவரே. கடலூரிலும் சிதம்பரத்திலும் வாலிபர் கூட்டங்களில் இப்படத்தைக் காட்ட எண்ணுவோர், மழைக் காட்சி முடிந்ததும் சற்றே நிறுத்தி, அவ்வுரையை எழுதியவர் யார், எவ்வாறு இறந்தார் என்று இரண்டு வாக்கியம் சொல்லலாம். சொன்னால், அன்றிரவே எவரேனும் ஒருவர் போதகர் இல்லத்துக் கதவைத் தட்டக்கூடும். கேட்டதை அப்பிள்ளையின் வீட்டாரிடமோ மூப்பரிடமோ கொண்டுபோகாமல் காக்கத் தம்மால் இயலுமா என்று, படத்துக்கு நாள் குறிக்குமுன்னரே போதகர் தம்மைக் கேட்டுக்கொள்ளட்டும்.