ஒரே இன்னிங்ஸோடு நின்றுவிட்ட சிந்து

மழை ஆட்டத்தைக் கெடுத்துவிட்டது. சேப்பாக்கத்திலிருந்து திரும்பும் வழியில் மந்தைவெளிப் பெரியம்மா வீட்டில் ஒதுங்கினேன். டிவியில் 'சிந்து பைரவி'. ஆகவே இந்த வார அலசல் கச்சேரி மேடையைப் பற்றி.

1985-ல் வந்த கே. பாலசந்தர் படம். மயிலாப்பூர்ப் பக்கம் இந்தப் பேச்சை எடுத்தால் இன்றைக்கும் ஒரே தகராறுதான். கர்நாடக சங்கீத வித்வான் ஜே.கே.பி.யைக் காதலித்துப் பெற்ற குழந்தையை அவர் மனைவி பைரவியிடம் கொடுத்துவிட்டு சிந்து கிளம்பியது நியாயமா? பெரியம்மாவும் அங்கேதான் ஆரம்பித்தார். "பெத்தவ செய்யற காரியமாடா இது?"

எனக்கு அந்தக் கடைசி முடிவில் சண்டை இல்லை. சிந்து கோட்டைவிட்டது அதற்கு ரொம்ப முன்னால்.

ஜே.கே.பி. கச்சேரியில் எழுந்து நின்று, புரிகிற மொழியில் பாடக்கூடாதா என்று கேட்கிறாளே, அந்தக் காட்சியைப் பாருங்கள். எதிராளியின் மைதானம், எதிராளியின் ரசிகர்கள், பயிற்சி ஆட்டம்கூடக் கிடையாது. பிருகாவில் அவரோடு போட்டி போடப் போயிருந்தால் இரண்டாவது ஓவரிலேயே அவுட். அவள் அந்தப் பக்கமே போகவில்லை. நாட்டுப்புற மெட்டில் சாதுவாக ஒன்று, இரண்டு என்று தட்டி, கடைசியில் 'மரி மரி நின்னே'யில் கொண்டுபோய் இறக்குகிறாள். சபாக்களில் காம்போதியில் கேட்டுப் பழகிய தியாகராஜர் கீர்த்தனை அது. இளையராஜா அதைச் சாரமதியில் வைத்தார். தெருப்பாட்டும் கீர்த்தனையும் ஒரே ராகத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டன. அவருக்கும், நடித்த சுகாசினிக்கும், பாடிய சித்ராவுக்கும் தேசிய விருது.

சரி, அப்படி ஆடியவளின் அடுத்த கச்சேரி எங்கே? சாம்பியனை அவர் ஊரிலேயே மடக்கியவள், மறுநாளிலிருந்து அவருடைய கிட் பையைத் தூக்குகிறாள். அவரைப் புரிந்துகொள்கிறாள், காதலிக்கிறாள், குடியிலிருந்து மீட்கிறாள். ரசிகை, கோச், பிசியோ எல்லாம் அவளே. குடித்துவிட்டு வந்த மிருதங்க வித்வானை மேடையிலிருந்து இறக்கிய ஜே.கே.பி., பிறகு அவரே குடித்து விழுகிறார். அவருக்கு இரண்டாவது இன்னிங்ஸ் உண்டு. சிந்துவுக்கு? தன் குரலை என்ன செய்யப் போகிறாய் என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

வழி இல்லாமலும் இல்லை. தமிழ்ப் பாட்டுக்கென்றே 1943-ல் தமிழ் இசைச் சங்கம் வந்துவிட்டது. சங்கீத கலாநிதி விருது 1968-ல் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு, முதல் பெண்ணாக, 1970-ல் டி.கே. பட்டம்மாளுக்கு, 1977-ல் எம்.எல். வசந்தகுமாரிக்கு. சிந்து நின்ற வாசலில் கதவு பாதியாவது திறந்துதான் இருந்தது.

பெரியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்கள்லாம் யாரு, இவ யாரு? அந்தக் கதைக்கு அப்புறம் எந்த சபா செக்ரட்டரி இவளைக் கூப்பிட்டிருப்பான்? சாயங்காலக் கச்சேரியா குடுத்திருப்பான்?"

அது வாஸ்தவம். ஜே.கே.பி.யைப் பற்றி வந்த வம்பு, கைதட்டு வாங்கிய மறுநிமிடம் அடங்கிப்போகும். அவளைப் பற்றி வந்தது அடங்காது. ஆனாலும் மத்தியானக் கச்சேரி என்று ஒன்று இருக்கிறதே. டிக்கெட் கிடையாது, ஹாலில் பதினைந்து தலை, அதில் நாலு பேர் கேன்டீன் திறக்கக் காத்திருப்பவர்கள். பெரிய பெயர்கள் பலரும் அங்கே உட்கார்ந்து பாடிவிட்டு வந்தவர்கள்தான்.

"பன்னண்டு மணி ஸ்லாட்டாவது கேட்டிருக்கலாம் பெரியம்மா."

பெரியம்மா டிவி சத்தத்தைக் குறைத்தார். "கேட்டிருந்தா நான் போயிருப்பேன்டா," என்றார்.