கையறுநிலைக்கு அப்பால்

தலைவன் மாண்டபின் புலவன் செய்ய வேண்டியது யாது? மல்லாவியில் மாணவர்க்குப் புறநானூற்றுக் கையறுநிலைப் பாடல்களைக் கற்பிக்கும்போதெல்லாம் இவ்வினா நம்முன் எழுகின்றது. பாரி இறந்தபின் கபிலர் அழுதார். ஆயினும் அழுகையோடு நின்றாரல்லர். பாரி மகளிரை அழைத்துச் சென்று, விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அவர்தம் வாழ்வுக்காக வாதாடினார். மறுத்த மன்னனைக் கடிந்தும் பேசினார். இறந்தவனைப் பாடிய நா, எஞ்சியோருக்காகவும் பேசிற்று.

வன்னியில் எழுந்த இரங்கற் கவிதைகளை இவ்வளவுகோல் கொண்டு அளப்போம். 2006 டிசெம்பர் 14 இல் விடுதலைப் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் இலண்டனில் நோயுற்று மறைந்தார். 2007 நவம்பர் 2 இல் அரசியற்றுறைப் பொறுப்பாளர் தமிழ்ச்செல்வன் கிளிநொச்சியில் விமானக் குண்டுவீச்சிற் கொல்லப்பட்டார். ஒவ்வோர் இழப்பின்போதும் கவிதைகள் குவிந்தன. அத்துயர் போலியன்று, அதனை நாம் இகழவும் மாட்டோம். ஆனால், பேச்சுவார்த்தை மேசையில் அமர்ந்த இருவரும் போனபின், போரன்றி வேறு வழி யாது என்ற வினாவை நாம் வாசித்த கவிதைகளுட் காண்பது அரிது.

ஆளிழப்பே தோல்விக்குக் காரணம் என்பாரும் உளர். அது அரை உண்மையே. 2002 டிசெம்பரில் கூட்டாட்சித் தீர்வை ஆராய ஒஸ்லோவில் இணங்கியபோது பாலசிங்கம் உயிரோடிருந்தார், இணக்கம் செயலாகவில்லை. 2004 இல் கருணா பிரிந்தபோது ஆயுதமே விடையாயிற்று. 2005 ஜனாதிபதித் தேர்தலைப் புலிகள் புறக்கணிக்கச் செய்தனர். மகிந்த ராஜபக்ச சிறு வித்தியாசத்தில் வென்றார். இவற்றுள் எதனையும் மக்கள் கூடி விவாதிக்கவில்லை. மக்கள் விவாதிக்காத அரசியல் சிலர் தலைக்குள் அடங்குகின்றது. அத்தலைகள் சாய்ந்தால் அதுவும் சாய்கின்றது.

பலஸ்தீனத்தையும் நோக்குவோம். 2004 மார்ச்சில் ஷேக் அகமது யாசீனையும், அடுத்த மாதமே ரன்திசியையும் இஸ்ரேல் கொன்றது. ஹமாஸ் அழியவில்லை; 2006 தேர்தலில் 132 இடங்களுள் 74 ஐ வென்றது. சமூகப் பணியும் கூட்டுத் தலைமையும் அதனைத் தாங்கின. ஆயினும் 2023 அக்டோபர் 7 இல் குடிமக்களையும் கொன்ற தாக்குதலுக்கு முன் காஸா மக்களை எவரும் கேட்கவில்லை. 2024 இல் ஹனியேயும் சின்வாரும் கொல்லப்பட்டபோது காஸா இடிபாடாய்க் கிடந்தது. இயக்கம் நிலைப்பது வேறு. மக்கள் நிலைப்பது வேறு.

இதனை நாம் 2009 இல் அறிந்தோம். அவ்விறுதிப் போரில் 40,000 வரையிலான குடிமக்கள் இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011 இல் கூறிற்று. அரசு தானே அறிவித்த பாதுகாப்பு வலயங்களுள் எறிகணை வீசியதையும், வெளியேற முயன்றோரைப் புலிகள் தடுத்ததையும் அக்குழு ஒருங்கே பதிவு செய்தது. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்கும் எழுத்து, எப்பக்கத்தில் நின்றாலும், மக்கள் இலக்கியமாகாது.

தலைவர்க்கு இரங்கற்பா ஏராளம் உண்டு. மரணச் சான்றிதழுக்கும் காணாமற்போன பிள்ளைக்குமாக அலுவலகந்தோறும் அலையும் தாய்க்காக வாதாடும் கபிலர் எங்கே? அவரை உருவாக்குவது நம் வகுப்பறைகளின் கடமை.