ஆயிரம் பொற்கொல்லர்களும் ஒரு மழையும்

அரசியின் சிலம்பைக் காணோம். இவன் கையில் அதே மாதிரி ஒரு சிலம்பு இருக்கிறது. ஆகவே இவன்தான் கள்வன். சிலப்பதிகாரத்தில் கோவலனைக் கொன்றது இந்த 'ஆகவே'தான். கண்ணகி வழக்காடும்போது அதைத்தான் உடைக்கிறாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் அவள். தங்களுடையது முத்து என்கிறான் பாண்டியன். சரி, உடைத்துப் பார்த்துவிடலாம். மதுரையை எரிப்பதற்கு முன்னால் அவள் ஒரு சோதனை வைத்தாள் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

அதே நூலின் முகப்பில் இருக்கும் உரைபெறு கட்டுரையை நாம் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறோம். பாண்டிய நாட்டில் மழை இல்லை, வறுமை, நோய். கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்கு ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுக்கிறான். மழை பெய்கிறது, நோய் தீர்கிறது. எல்லாம் ஒரே வாக்கியம்!

பலி முன்னால், மழை பின்னால். ஆகவே பலியால் மழை. சர்வரை ரீஸ்டார்ட் பண்ணினேன், சரியாகிவிட்டது என்று சொல்வோமே, அந்த ரகம். வறட்சி முற்றிய பிறகுதான் ராஜாக்கள் பரிகாரம் தேடுவார்கள். முற்றிய வறட்சி எப்படியும் ஒருநாள் முடியும். அப்போது எதைச் செய்திருந்தாலும் பலித்த மாதிரிதான் தெரியும்.

இதற்கு மறுப்பு வெளியே தேட வேண்டியதில்லை, அடுத்த வரிகளிலேயே கிடக்கிறது. கொங்கிளங் கோசர் விழா மட்டும் எடுக்கிறார்கள். அங்கே மழை தவறுவதே இல்லை. இலங்கைக் கயவாகு கோட்டம் கட்டி, ஆடி மாதத்தில் விழா எடுக்கிறான். அங்கேயும் மழை, விளைச்சல். இரண்டு இடத்திலும் பொற்கொல்லர் யாரையும் கொன்றதாக இல்லை. நூல் சொல்லும் கணக்குப்படியே பார்த்தாலும் அந்த ஆயிரம் கொலை தேவைப்படவில்லை.

சிலம்பைத் திருடிப் பொய் சொன்னவன் ஒருவன். மற்றவர்கள் அவன் செய்த அதே தொழிலைச் செய்தார்கள், அவ்வளவுதான். கோவலன் விஷயத்தில் ஒரே மாதிரிச் சிலம்பு, இங்கே ஒரே மாதிரித் தொழில். அதே தவறு, ஆயிரம் மடங்கு. இவர்களுக்காக அவையில் எதையும் உடைத்துக் காட்ட யாரும் வரவில்லை.

உரைபெறு கட்டுரை பிற்சேர்க்கை என்று ஒதுக்கலாம் என்றால், நீர்ப்படைக் காதையிலும் இந்தப் பலி இருக்கிறது, அதுவும் ஒரே பகலில். அங்கே மழைப் பேச்சு இல்லை. பலி கொடுத்தவன் அரியணை ஏறுகிறான். மாடலன் சொல்லச் சொல்லச் செங்குட்டுவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். பிறகு அவன் விசாரிப்பது சோழ நாட்டு ஆட்சியைப் பற்றி.