ஜோன் தொம்சன்: பயணியும் கமராவும்

தூரதேசப் புகைப்படக்காரர் ஒருவரின் வாழ்வைத் தனிமனித சாகசமாக மட்டும் எழுதுதல் போதாது. எவ்வழி சென்றார், யாரை எந்த உறவில் நின்று படம்பிடித்தார் என்பனவும் எமது வினாக்களாதல் வேண்டும்.

1837இல் எடின்பரோவிற் பிறந்த ஜோன் தொம்சன் 1862இல் சிங்கப்பூர் சென்றார். 1866இல் அங்கோர் இடிபாடுகளையும், 1868 முதல் 1872 வரை சீனத்தையும் படம்பிடித்தார். அபினி யுத்தங்கள் வலிந்து திறந்த துறைமுகங்களே அவருக்கு வாயிலாயின. அக்காலக் கண்ணாடித் தகட்டை இரசாயனம் உலருமுன் படமெடுத்துக் கழுவிவிடல் வேண்டும். எனவே இருட்டறைக் கூடாரமும் உடன் சென்றது. அதனைச் சுமந்தோரின் உழைப்பின்றி அப்பயணம் இல்லை.

1873-74இல் நான்கு தொகுதிகளாக வெளிவந்த சீனப் படநூலில் இளவரசர் குங் முதலியோர் பெயருடன் நிற்க, உழைப்போர் பெரும்பாலும் பெயரற்ற வகைமாதிரிகளாகவே நிற்கின்றனர். 1877இல் அடோல்ப் ஸ்மித்துடன் வெளியிட்ட இலண்டன் தெருவாழ்க்கை பற்றிய நூலிலோ, வறியோரின் படங்களுடன் அவர்தம் வரலாறுகளும் இடம்பெற்றன. தோழி வேலைக்குச் சென்றிருக்க, அவளது குழந்தையை ஏந்திப் படியிற் குந்தியிருக்கும் தையற்காரனின் விதவை தெருவுக்கு வந்த கதை அங்கு கூறப்படுகின்றது. கலைஞர் ஒருவரே, உறவு வேறு.

இவ்வேறுபாட்டை மறைத்து அவரை மனிதநேயர் எனப் புகழ்வதும், ஏகாதிபத்தியத்தின் கண் என ஒதுக்குவதும் எமக்கு உடன்பாடன்று. வறுமையை ஆவணமாக்கிய அவரே 1881இல் பிரித்தானிய அரச குடும்பத்தின் புகைப்படக்காரராக நியமனம் பெற்றார். அம்முரண்பாட்டுடனேயே அவர் வாழ்வு எழுதப்படல் வேண்டும்.