லாலி ரோடும் யாதவகிரி வீடும்

ஆர். கே. நாராயணின் சிறுகதைகளில் 'லாலி ரோடு' என்ற கதையை வெறும் வேடிக்கைக் கதையாகவே பெரும்பாலானவர்கள் படித்துச் சிரித்திருப்பார்கள். சுதந்திரம் வந்த உற்சாகத்தில் மால்குடி நகராட்சி தெருப் பெயர்களை மாற்றுகிறது. அதுவும் போதாமல், ஊரில் நிற்கும் லாலி துரையின் சிலையைப் பெயர்த்து எறியத் தீர்மானிக்கிறது. அவன் கொடுங்கோலன் என்று எல்லோருக்கும் நினைப்பு. உள்ளூர் நிருபர் ஒருவர் அரும்பாடு பட்டுச் சிலையைப் பெயர்த்துத் தம் வீட்டுக்குக் கொண்டுபோன பிறகுதான், லாலி என்ற பெயரில் இரண்டு பேர் இருந்த விஷயம் வெளியாகிறது. சிலையாக நின்றவர் நல்லவர். அந்த ஊர் உண்டாவதற்கே காரணமானவர். உடனே சிலையைத் திரும்ப வை என்று கூக்குரல் எழுகிறது. முடிவில் சிலையோடு அந்த வீட்டையும் வாங்கிப் பொதுச் சொத்தாக்க வேண்டியதாகிறது.

பழைய கட்டடங்களைப் பற்றி நம் நாட்டில் எத்தனையோ அறிக்கைகள் வந்திருக்கின்றன. அவற்றில் பலவற்றைவிட இந்தச் சின்னக் கதை விஷயம் தெரிந்து எழுதப்பட்டது என்பது என் அபிப்பிராயம். முதலில் இடி, பிறகு விசாரி என்பது நம் பொது வாழ்க்கையின் எழுதாத விதி. அதை ஒருவர்மேலும் கோபப்படாமல் காட்டிவிடுகிறார் நாராயண்.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். நாராயண் 2001-ல் காலமானார். மைசூர் யாதவகிரியில் அவர் கட்டிக்கொண்டு பல ஆண்டுகள் வாழ்ந்த மாடி வீட்டை, அடுக்குக் குடியிருப்பு கட்டுவதற்காக 2011-ல் இடிக்கத் தொடங்கினார்கள். அந்த வீடு எந்தப் பாதுகாப்புப் பட்டியலிலும் இல்லை. பத்திரிகையில் செய்தி வந்த பிறகுதான் அதிகாரிகள் விழித்துக்கொண்டு வேலையை நிறுத்தினார்கள். அதற்குள் வீட்டில் ஒரு பகுதி போய்விட்டது. பிறகு பொதுப் பணத்தில் வீட்டை வாங்கிப் பழுது பார்த்து, 2016-ல் நினைவில்லமாகத் திறந்தார்கள். ஆங்கிலத்தில் எழுதியவருக்கு இங்கே எதற்கு நினைவில்லம் என்று கன்னட எழுத்தாளர்கள் சிலர் ஆட்சேபித்ததும் உண்டு. தம் கதையில் எழுதியதெல்லாம் தம் வீட்டுக்கே நடந்துவிட்டதை நாராயண் பார்த்திருந்தால், மெல்லச் சிரித்திருப்பார்.

வீடு பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அது எதனால் பிழைத்தது? அதில் வாழ்ந்தவர் பிரபலமானவர். ஒரு பத்திரிகையாளர் சரியான நாளில் அந்தப் பக்கம் பார்த்தார். இந்த இரண்டில் ஒன்று தவறியிருந்தாலும் வீடு போயிருக்கும். அதிர்ஷ்டத்தை நம்பி வைத்திருப்பதற்குப் பாதுகாப்பு என்று பெயர் சொல்லக் கூடாது.

'பட்டியல் போட்டுவிட்டால் போயிற்று' என்று படித்தவர்கள் சொல்வார்கள். பட்டியல் அவசியம்தான். ஆனால் பட்டியலுக்கு ஒரு விபரீத குணம் உண்டு. 'சேர்க்கப்போகிறோம்' என்ற பேச்சுக்கும் சேர்த்த உத்தரவுக்கும் நடுவே சில நாட்கள் இருக்கின்றன. கடப்பாரைக்கு அவைதான் முகூர்த்த நாட்கள். லண்டனுக்கு மேற்கே பிரென்ட்ஃபோர்டில் 1928-ல் கட்டிய ஃபயர்ஸ்டோன் டயர்த் தொழிற்சாலை ஒன்று இருந்தது. பார்க்க அரண்மனை மாதிரி முகப்பு. அது பட்டியலில் சேரப்போகிறது என்ற நிலையில், 1980 ஆகஸ்டில் ஒரு விடுமுறை வாரக் கடைசியில் முகப்பை இடித்துத் தள்ளிவிட்டார்கள். விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்தபோது காப்பாற்றுவதற்கு ஒன்றும் இல்லை. அந்த அதிர்ச்சியில்தான் அதே காலத்துக் கட்டடங்கள் பலவற்றை அவசர அவசரமாகப் பட்டியலில் சேர்த்தார்கள்.

அதே லண்டனில் கார்ல்டன் டேவர்ன் என்ற மதுக்கடையைப் பட்டியலில் சேர்ப்பது பற்றிப் பரிசீலனை நடந்துகொண்டிருந்தபோது, 2015 ஏப்ரலில் அனுமதியில்லாமல் இடித்தார்கள். இந்தத் தடவை அதிகாரிகள் விடவில்லை. இருந்தபடியே திரும்பக் கட்டு என்று உத்தரவு போட்டார்கள். இடிபடுவதற்கு முன்பே கட்டடத்தை விவரமாகப் பதிவு செய்து வைத்திருந்ததால் அது சாத்தியமாயிற்று. 2021-ல் கடை மறுபடியும் திறந்தது. முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள வித்தியாசம் கலை ரசனையில் இல்லை. இடித்தால் லாபமில்லை என்று இரண்டாவது தடவை நிரூபித்தார்கள், அவ்வளவுதான்.

சென்னைக்கு வருவோம். மவுண்ட் ரோடும் ஜெனரல் பாட்டர்ஸ் ரோடும் சேரும் முனையில், டபிள்யூ. இ. ஸ்மித் என்ற மருந்து வியாபாரிக்காக 1897-ல் கட்டி முடித்த கட்டடம் இருக்கிறது. பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம் என்று சொன்னால்தான் பழைய ஆட்களுக்குப் புரியும். இன்ஷூரன்ஸ் தேசியமயமானபோது அது எல்.ஐ.சி. வசம் வந்தது. 2006-ல் இடிக்கத் தொடங்கினார்கள். இன்டாக் அமைப்பு நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2010-ல் உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 467 கட்டடங்கள் கொண்ட ஒரு பட்டியலுக்கும் அதனால் மதிப்பு வந்தது. அந்தப் பட்டியல் பிறந்த கதை சுவாரசியமானது. விளம்பரப் பலகைகள் பழைய கட்டடங்களை மறைக்கின்றன என்ற வழக்கில், ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் தலைமையிலான குழு தயாரித்த பட்டியல் அது. நகரம் தன் சொத்தைக் கணக்கெடுக்க விளம்பரப் பலகை வர வேண்டியிருந்தது!

தமிழ்நாட்டில் பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-ல் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வர 2024 ஆயிற்று. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தெருவையே மாற்றிக் கட்டிவிடலாம். பல தெருக்களை மாற்றியும் விட்டார்கள்.

நீதிமன்றம் காப்பாற்றிய கட்டடமும், தீர்ப்புக்குப் பிறகு பல வருஷங்கள் செடி முளைத்துக் கூரையிழந்து நின்றது. கடப்பாரையைத் தடுக்க உத்தரவு போதும். மழையைத் தடுக்க உத்தரவு போதாது. அதற்குப் பணம் வேண்டும், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் வேண்டும்.

இதுவரை சொன்னவை கோபுரமும் கும்மட்டமும் உள்ள கட்டடங்கள், அல்லது பெரிய மனிதர் குடியிருந்த வீடுகள். பட்டியல் போடுகிறவர்களின் கண் இயற்கையாக அங்கேதான் போகிறது. கதை படிக்கிறவர்களுக்கு வேறு ஒரு கண் இருக்க வேண்டும். நம் நாவல்களில் வருகிற ஜனங்கள் குடியிருந்தது எங்கே? திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ஜார்ஜ் டவுனிலும் திண்ணையும் ரேழியும் முற்றமும் உள்ள ஒட்டு வீடுகளில். தேக்கு உத்தரத்தின்மேல் மெல்லிய செங்கல்லைக் குறுக்காக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து வைத்த 'மெட்ராஸ் டெரஸ்' கூரையின் கீழே. ஒவ்வொன்றாகப் பார்த்தால் அவற்றில் எதற்கும் விசேஷம் இல்லை. எல்லாம் சேர்ந்தால்தான் விசேஷம். ஒரு திண்ணை போனால் வீட்டுக்காரருக்கு நஷ்டம். தெருவில் எல்லாத் திண்ணையும் போனால், வழியில் போகிறவன் உட்கார இடமில்லாத ஊர் உண்டாகிவிடுகிறது. அந்த மாறுதலை ஒரு பட்டியலும் பதிவு செய்வதில்லை.

வீட்டுக்காரர் சொல்வதையும் நியாயமாகக் கேட்க வேண்டும். வாசகர்களில் பலர் வீட்டுக்காரர்களே. பாட்டனார் கட்டிய வீடு, பங்கு கேட்க நாலு பேர், உத்தரத்தில் கரையான், படியேற முடியாத தாயார். கட்டடக் கம்பெனிக்காரர் வந்து, பழைய வீட்டைக் கொடுத்தால் ஆளுக்கொரு ஃபிளாட், லிஃப்ட் வசதியோடு, என்கிறார். அவரிடம் போய்க் கலாசாரம் பேசுவது, பசித்தவனிடம் விரத மகிமை பேசுவது போல. ஊருக்காக ஒருவர் நஷ்டப்பட வேண்டுமென்றால் ஊர் அந்த நஷ்டத்தில் பங்கு கொள்ள வேண்டும். பம்பாயில் 1995-ல் வந்த விதிகள் இதற்கு ஒரு வழி காட்டின. பழைய கட்டடத்தை வைத்துக்கொள்கிறவர், தமக்குக் கிடைத்திருக்கக்கூடிய கூடுதல் கட்டட உரிமையை வேறு இடத்துக்காக விற்கலாம். எல்லாக் குறையும் அதனால் தீரவில்லை. ஆனாலும் வீட்டுக்காரரைக் குற்றவாளியாக்காமல் பேச ஆரம்பித்த யோசனை அது.

நம் ஊருக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், மூன்று காரியங்கள் சொல்வேன். குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்ட எந்த வீட்டையும் இடிப்பதற்கு முன் அறிவிப்பு ஒட்டிச் சில வாரம் காத்திருக்க வேண்டும். படமும் அளவும் எடுத்து வைக்க வேண்டும். பட்டியலில் சேர்ப்பது பற்றிப் பேச்சு எழுந்த நிமிஷத்திலிருந்து இடைக்காலப் பாதுகாப்பு தானாக அமலுக்கு வர வேண்டும். தனிக் கட்டடத்தோடு நிற்காமல், முழுத் தெருவாகப் பார்த்து, மராமத்துக்கு உதவியும் வரியில் சலுகையும் தர வேண்டும். எல்லாத்தையும் காப்பாற்ற முடியாது, காப்பாற்றவும் வேண்டியதில்லை. இடிந்து விழுகிற வீட்டில் ஒரு குடும்பத்தை உட்காரவைத்து அழகு பார்ப்பது அநியாயம். ஆனால் இடிப்பதென்று தீர்மானித்தால், எதை இடிக்கிறோம் என்று தெரிந்து இடிக்க வேண்டும்.

மால்குடி நகராட்சிக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்கவில்லை. அவசரம் இருந்தது, அறியாமை இருந்தது, மேஜைமேல் ஒரு தீர்மானம் இருந்தது. நம் நகரங்களிலும் மூன்றும் வேண்டிய மட்டும் இருக்கின்றன. நாராயணின் கதையில் சிலை மட்டும் தப்பித்துக்கொண்டது, அது உடைக்க முடியாதபடி கெட்டியாக இருந்ததால். சுண்ணாம்பும் செங்கல்லும் அவ்வளவு கெட்டி இல்லை.